ஆமதாபாத் இரவுக் கடைத்தெரு: எந்த இடத்தில் தங்குவது வசதி?

மும்பைத் தமிழர்கள் பலருக்கு ஆமதாபாத் போய் வரும் வேலை ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் உண்டு. கல்யாணம், வளைகாப்பு என்று உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. துவாரகை, சோமநாதபுரம் யாத்திரைக்கு நடுவில் ஒரு நாள் இறங்கிப் பார்க்கிறவர்களும் உண்டு.

போய் வந்தவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார், "மாணேக் சவுக் போனீர்களா? ராத்திரிக் கடைகளில் சாப்பிட்டீர்களா?" என்று கேட்பார்கள். "எங்கே போவது? நாங்கள் தங்கிய ஓட்டல் ஊருக்கு ஒரு கோடி. அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப முடியுமா என்று விட்டுவிட்டோம்" என்று பலர் பதில் சொல்வார்கள்.

ஓட்டல் நல்ல ஓட்டலாகவே இருந்திருக்கும். மெத்தை நன்றாக இருந்திருக்கும். காலைச் சிற்றுண்டியும் இலவசமாக இருந்திருக்கும். ஆனால் ஆமதாபாத்தில் பார்க்க வேண்டிய ஒரு காட்சி மட்டும் தவறிப் போயிருக்கும். தங்கும் இடத்தைச் சற்று யோசித்துத் தேர்ந்தெடுத்தால், வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டே அதைப் பார்த்து வரலாம். அதற்கான வழியைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

ஒரே சதுக்கம், மூன்று வேலை

சபர்மதி நதியின் கிழக்குக் கரையில் இருக்கிறது பழைய ஆமதாபாத். 1411-ல் சுல்தான் அகமது ஷா உண்டாக்கிய நகரம் இது. அதன் நடுவில் உள்ள சதுக்கமே மாணேக் சவுக்.

காலையில் இங்கே காய்கறியும் மாட்டுத் தீவனமும் விற்பார்கள். பசுக்களுக்குப் புல் வாங்கிப் போட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறவர்கள் வருவார்கள். பொழுது ஏறியதும் நகைக்கடைகள் திறக்கும். தங்கமும் வெள்ளியும் கைமாறும். 1894-ல் ஏற்பட்ட ஆமதாபாத் பங்குச் சந்தை இருந்ததும் இந்த வட்டாரத்தில்தான். இந்தியாவில் பம்பாய்க்கு அடுத்தபடியாகத் தோன்றிய பங்குச் சந்தை அது.

மாலை மங்கி நகைக்கடைக்காரர்கள் கதவைச் சாத்தும்போது மூன்றாவது வேலை தொடங்குகிறது. தள்ளுவண்டிகள் வரும். அடுப்புகள் பற்றும். மடக்கு நாற்காலிகளும் மேஜைகளும் விரியும். இரவு 9 மணிக்கு மேல் சதுக்கம் முழுவதும் சாப்பாட்டுக் கடைகளாகிவிடும். நள்ளிரவு தாண்டி 1 மணி, 2 மணி வரைக்கும் வியாபாரம் நடக்கும். பகலில் தங்கம் நிறுத்த கடையின் மூடிய கதவுக்கு முன்னால், இரவில் இரும்புக் கல்லில் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கும்.

பழந்தமிழர்கள் பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் சொன்னார்கள். மதுரையில் இரண்டும் இருந்ததை மதுரைக்காஞ்சி விவரிக்கிறது. ஆமதாபாத்தில் நாளங்காடியும் அல்லங்காடியும் ஒரே இடத்தை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மாணேக் என்றால் மாணிக்கம். மாணேக்நாத் என்ற சாதுவின் பெயரால் இந்த இடம் வழங்குகிறது. அவரைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சுல்தான் கோட்டைச் சுவர் எழுப்பும்போது, அந்தச் சாது பகலில் ஒரு பாய் பின்னுவாராம். இரவில் அதன் இழைகளைப் பிரித்துவிடுவாராம். இழை பிரியப் பிரிய, அன்று கட்டிய சுவர் இடிந்து விழுமாம். பகலில் கட்டியதை இரவில் கலைத்தவரின் பெயரில், பகலில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் இருக்கிற சதுக்கம் அமைந்திருப்பது பொருத்தம்தான்.

இரண்டு சந்தைகள், நடுவே நதி

ஓட்டல் தேடும் முன்பு ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆமதாபாத்தில் "இரவு மார்க்கெட்" என்று கேட்டால், சிலர் மாணேக் சவுக்கைக் காட்டுவார்கள். சிலர் லா கார்டனைக் காட்டுவார்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்று நதிக்குக் கிழக்கே, மற்றது மேற்கே. நடுவில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர்.

லா கார்டன் என்பது சட்டக் கல்லூரியை ஒட்டிய பூங்கா. அதன் ஓரத்தில் மாலை நேரத்தில் துணிக்கடைகள் வரிசையாக இருக்கும். கண்ணாடிச் சில்லு பதித்த பாவாடை, ரவிக்கை, தோரணம், தோள்பை, வெள்ளி போல மின்னும் நகைகள் எல்லாம் கிடைக்கும். நவராத்திரிக்கு முன்பு கர்பா ஆடும் பெண்கள் மொய்க்கும் இடம் இது. பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். மும்பையில் பேரம் பழகியவர்களுக்கு அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

லா கார்டன் மாலையிலேயே களைகட்டிவிடும். இரவு 10 மணி சுமாருக்குக் கலையத் தொடங்கும். மாணேக் சவுக் அப்போதுதான் சூடு பிடிக்கும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியும். முதலில் மேற்கே துணி, பிறகு கிழக்கே சாப்பாடு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக நிற்கும் இடம் கிழக்குக் கரை. அப்படியானால் படுக்கையும் கிழக்குக் கரையில் இருப்பதே புத்திசாலித்தனம்.

திரும்பும் நேரமே முக்கியம்

ஓட்டல் பார்க்கும்போது பெரும்பாலோர், "அங்கிருந்து சந்தைக்கு எப்படிப் போவது?" என்று கேட்பார்கள். அது சுலபமான கேள்வி. இரவு 9 மணிக்கு ஆட்டோ கிடைக்கும், வாடகைக் கார் கிடைக்கும், மெட்ரோவும் ஓடும். கேட்க வேண்டிய கேள்வி, "இரவு 1 மணிக்கு எப்படித் திரும்புவது?" என்பதே.

அந்த நேரத்தில் பாட்டிக்குக் கால் வலிக்கும். குழந்தை தோளில் தூங்கிவிடும். கையில் லா கார்டனில் வாங்கிய துணிப்பை இருக்கும். வயிறும் நிறைந்திருக்கும். அந்த நிலையில் ஆட்டோக்காரரிடம் நின்று வாடகை பேச யாருக்கும் தெம்பு இருக்காது. அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டிவரும்.

ஆமதாபாத் மெட்ரோவின் கிழக்கு மேற்குப் பாதை பழைய நகரத்துக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. காலுப்பூர் ரெயில் நிலையம், கீகாண்டா, ஷாப்பூர் ஆகிய நிறுத்தங்கள் இந்தப் பக்கத்தில் உள்ளன. கீகாண்டாவில் இறங்கினால் மாணேக் சவுக்குக்கு நடந்தே போகலாம். போவதற்கு இது நல்ல வழி. ஆனால் கடைத்தெரு கலைகிற வேளையில் மெட்ரோ ஓடாது. நகர பஸ்களும் கிடையாது. திரும்பும்போது உங்கள் காலும் ஆட்டோவும்தான் துணை.

ஆகவே ஓட்டலை எடை போட ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. மாணேக் சவுக்கில் இருந்து 20 நிமிட நடைக்குள், விளக்கு வெளிச்சம் உள்ள பெரிய சாலை வழியாகவே வந்து சேர முடிகிறதா? முடிந்தால் அது நல்ல இடம். முடியாவிட்டால், குறைந்த வாடகையில் மிச்சம் பிடித்த பணம் ஆட்டோவுக்கே போய்விடும்.

இனி ஒவ்வொரு வட்டாரமாகப் பார்ப்போம்.

லால் தர்வாஜா, ரிலீப் ரோடு

இரவுச் சந்தைக்காகவே போகிறவர்களுக்கு முதல் இடம் இதுதான். பத்ரா கோட்டை, மூன்று வளைவுகள் கொண்ட தீன் தர்வாஜா, மரம் போலச் செதுக்கிய கல் ஜன்னலுக்குப் பெயர் போன சீதி சையது மசூதி எல்லாம் இங்கே உள்ளன. அந்த மசூதி 1573-ல் கட்டி முடிக்கப்பட்டது.

லால் தர்வாஜாவில் இருந்து மாணேக் சவுக் சுமார் 1 கிலோமீட்டர். தீன் தர்வாஜாவைத் தாண்டி, காந்தி ரோடு வழியாக ஜும்மா மசூதியைக் கடந்து போகவேண்டும். நேர்வழி. பெரிய சாலை. சந்து பொந்துகளில் நுழைய வேண்டியதில்லை.

ரிலீப் ரோடு என்பது காந்தி ரோட்டுக்கு இணையாகப் போகும் சாலை. காலுப்பூர் ரெயில் நிலையப் பக்கத்தையும் லால் தர்வாஜாவையும் இணைக்கிறது. நடுத்தர வாடகை லாட்ஜுகள் இங்கு நிறைய உண்டு. பகலில் போக்குவரத்து இரைச்சல் காதைப் பிளக்கும். ஆகவே சாலையைப் பார்த்த அறையை விட்டுவிட்டு, பின்பக்க அறை கேளுங்கள். நீங்கள் 2 மணிக்குப் படுப்பீர்கள். ஊர் 6 மணிக்கே விழித்துவிடும்.

லால் தர்வாஜாவில் பழைய மாளிகை ஓட்டலும் உண்டு. சீதி சையது மசூதிக்கு எதிரே, மங்கள்தாஸ் கிர்தர்தாஸ் என்ற ஜவுளி அதிபர் 1924-ல் கட்டிய வீடு இப்போது ஓட்டலாக இருக்கிறது. வாடகை உயர்ந்த ரகம்தான். தங்க வசதிப்படாதவர்களும் அந்தக் கட்டடத்தை வெளியே நின்று பார்க்கலாம்.

கான்பூர்

இது உத்தரப்பிரதேசத்துக் கான்பூர் அல்ல. ஆமதாபாத்தில் நதியை ஒட்டிய ஒரு பேட்டை. பல காலமாகப் பெரிய ஓட்டல்கள் உள்ள இடம். லால் தர்வாஜாவைவிட அமைதி அதிகம். நதிக்கரை நடைபாதைக்கும் பக்கம். மாணேக் சவுக் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

நேரு பாலம் அருகில் இருப்பதால் லா கார்டன் போவதும் சுலபம். இரண்டு சந்தைகளையும் பார்க்க வேண்டும், நடக்க முடியாத பெரியவர்களும் உடன் வருகிறார்கள் என்றால் கான்பூர் நல்ல சமரசம். ஆட்டோ எடுத்தாலும் தூரம் குறைவு, செலவும் குறைவு.

ரெயில் நிலையம் அருகே

ஆமதாபாத்தின் முக்கிய ரெயில் நிலையத்தை ஊர்க்காரர்கள் காலுப்பூர் என்றே சொல்வார்கள். நிலையத்துக்கு எதிரிலும் பக்கத்துத் தெருக்களிலும் சிக்கன லாட்ஜுகள் இருக்கின்றன. மாணேக் சவுக் 2 கிலோமீட்டருக்குள்தான்.

நிலையத்துக்கு இரண்டு பக்கம் வாசல் உண்டு. மேற்கே காலுப்பூர், கிழக்கே சரஸ்பூர். பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் காலுப்பூர் பக்கம் வெளியே வரவேண்டும். மாறி இறங்கினால் சுற்ற வேண்டிவரும். நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை பெரிய அளவில் எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பதால், உங்கள் ரெயில் எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சபர்மதியில் நிற்கும் ரெயில்களும் உண்டு.

தனியாகப் போகும் இளைஞர்களுக்கும், மறுநாள் அதிகாலை ரெயில் பிடிக்க வேண்டியவர்களுக்கும் காலுப்பூர் போதும். குடும்பத்தோடு போகிறவர்கள் அறையை நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது. நிலையத்தில் வந்து கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களுடன் போகவேண்டாம். அவர்களுக்குப் போகும் கமிஷன் உங்கள் வாடகையில் சேர்ந்துதான் வரும்.

போள் வீடுகள்

பழைய நகரத்துக் குடியிருப்புத் தெருக்களைப் போள் என்பார்கள். வாசல் என்ற பொருளில் பிறந்த சொல். தெரு முனையில் ஒரு பெரிய கதவு. உள்ளே வளைந்து வளைந்து போகும் சந்து. இருபுறமும் மரவேலைப்பாடு கொண்ட வீடுகள். நடுவே பறவைகளுக்குத் தீனி வைக்கும் தூண். இப்படிப்பட்ட வீடுகள் சிலவற்றைச் செப்பனிட்டு, தங்கும் விடுதிகளாக நடத்துகிறார்கள்.

மாணேக் சவுக்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆமதாபாத்தின் பழைய வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் சில சங்கடங்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் கஷ்டமில்லை.

சந்துக்குள் கார் போகாது. சில சந்துகளில் ஆட்டோவும் போகாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். உள்ளே படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். லிப்ட் கிடையாது. மூட்டுவலி உள்ளவர்கள் தரைத்தள அறை கேட்டு வாங்க வேண்டும். இரவில் சந்துகள் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சதுக்கம் வரை நடந்து வழியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் கோவிலோ மசூதியோ அடையாளமாக இருக்கட்டும்.

இன்னொன்று. அது குடும்பங்கள் வாழும் தெரு. இரவு 1 மணிக்குச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு உள்ளே வருவது நம் பழக்கத்துக்கு அழகல்ல.

மேற்குக் கரை ஓட்டல்கள்

ஆசிரம ரோடு, சி.ஜி. ரோடு, எஸ்.ஜி. நெடுஞ்சாலை ஆகிய இடங்களில் புதிய ஓட்டல்கள் ஏராளம். அகலமான சாலை, கார் நிறுத்த இடம், லிப்ட், பெரிய அறை எல்லாம் உண்டு. அலுவலக வேலையாகப் போகிறவர்களுக்கு இவை சௌகரியம்.

சந்தைக்கு வசதியா என்று பார்த்தால், சி.ஜி. ரோடு லா கார்டனுக்குப் பக்கம். துணி வாங்குவதே முக்கியம், மாணேக் சவுக்கை ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்தால் போதும் என்பவர்கள் அங்கே தங்கலாம். எஸ்.ஜி. நெடுஞ்சாலையோ மாணேக் சவுக்கில் இருந்து 10 கிலோமீட்டர் வரை தள்ளியிருக்கிறது. அறை வாடகை குறைவு என்று விளம்பரத்தில் பார்த்து அங்கே பதிவு செய்கிறவர்கள், போகவர ஆகும் வண்டிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள். பழைய நகரத்துச் சந்துகளில் இரவில் கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு.

உறவினர் வீடு இருக்கிறதே?

மணிநகர் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வசிக்கின்றன. மும்பைத் தமிழர்கள் பலருக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. "ஓட்டல் எதற்கு? நம் வீடு இருக்கிறதே" என்று அவர்கள் சொல்வார்கள். அந்த அன்பைத் தட்ட முடியாது.

மணிநகர் மாணேக் சவுக்குக்குத் தெற்கே 4, 5 கிலோமீட்டர் தூரம். அங்கே தங்கினால் இரவுச் சந்தைக்குத் தனியாகப் போகாமல், வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போவதே நல்லது. ஊர் தெரிந்தவர் உடன் இருந்தால் எந்தக் கடை, எந்த வழி என்ற கவலை இல்லை. மாறாக, மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டிய மாமாவை இரவு ஒன்றரை மணிக்குக் கதவு திறக்க எழுப்புவது முறையாகாது. அப்படியானால் ஒரே ஓர் இரவு மட்டும் லால் தர்வாஜாவில் அறை எடுத்துக்கொண்டு, மற்ற நாட்கள் உறவினர் வீட்டில் இருக்கலாம். எடுத்துச் சொன்னால் அவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

ஓட்டல்காரர்களுக்கு டெலிபோன் செய்து இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். ஆமதாபாத்தில் இந்தி செல்லும். மும்பைத் தமிழர்களுக்குப் பேச்சில் சிரமம் இருக்காது.

ஒன்று, "இரவு எத்தனை மணிக்கு வாசல் கதவைப் பூட்டுவீர்கள்?" சிறிய லாட்ஜுகளில் ஷட்டரை இழுத்துவிட்டுக் காவலாளி தூங்கிவிடுவது உண்டு. 1 மணிக்கு வருவோம் என்று முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டு, "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" இதில்தான் பலருக்குப் பணம் போகிறது. மும்பையில் இருந்து இரவு குஜராத் மெயிலில் ஏறினால் அதிகாலையில் ஆமதாபாத் போய்ச் சேருவீர்கள். ஓட்டல் 12 மணிக் கணக்கு வைத்திருந்தால், உடனே அறை வேண்டும் என்பதற்கு ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கேட்கலாம். காலையில் புறப்பட்டு மதிய வேளையில் போய்ச் சேரும் சதாப்தி ரெயிலில் போனால் இந்தத் தொல்லை இல்லை. மதியம் அறைக்குப் போய் ஒரு தூக்கம் போட்டு, மாலையில் லா கார்டன், இரவில் மாணேக் சவுக் என்று கிளம்பலாம்.

மூன்று, "லிப்ட் இருக்கிறதா? இரவிலும் ஓடுமா?" நான்கு, "சொன்ன வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா?" ஐந்து, "இந்த வாரம் மாணேக் சவுக் கடைகள் நடக்கின்றனவா?" கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். பண்டிகை, பலத்த மழை, மாநகராட்சியின் சாலை வேலை என்று ஏதாவது காரணத்தால் கடைகள் போடாத நாட்களும் வரும்.

பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குஜராத் மதுவிலக்கு மாநிலம் என்பதும் நினைவில் இருக்கட்டும். இரவுச் சந்தையில் குடும்பங்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு.

எப்போது போகலாம்?

கோடையில் ஆமதாபாத்தின் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஊரே இரவில்தான் மூச்சு விடும். அதனால் கோடையில் இரவுச் சந்தை மேலும் கலகலப்பாக இருக்கும். ஓட்டலில் ஏ.சி. அறை அவசியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு இதமான காலம்.

ஜனவரி 14, 15 தேதிகளில் உத்தராயணப் பட்டத் திருவிழா. பழைய நகரத்து மொட்டை மாடிகளைக்கூட வாடகைக்கு விடுவார்கள். நவராத்திரி ஒன்பது இரவும் கூட்டம். மொட்டேரா மைதானத்தில் பெரிய கிரிக்கெட் ஆட்டம் இருந்தாலும் அறை வாடகை தாறுமாறாக ஏறும். 2023 நவம்பர் 19-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தபோது ஊர் முழுவதும் வாடகை பல மடங்கு ஏறியது.

தீபாவளி முடிந்த சில நாட்கள் குஜராத்தி வியாபாரிகள் கடை திறக்க மாட்டார்கள். லாப பஞ்சமி அன்றுதான் மறுபடியும் கணக்கு தொடங்குவார்கள். அந்த இடைவெளியில் போனால் பழைய நகரத்துக் கடைத்தெருக்கள் வெறிச்சென்று இருக்கும். நகை, ஜவுளி வாங்கப் போகிறவர்கள் தள்ளிப் போடலாம்.

என்ன சாப்பிடலாம்?

மாணேக் சவுக்கில் பெரும்பாலும் சைவம்தான். வெண்ணெய் மிதக்கும் பாவ் பாஜி முதலிடம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு சேர்க்காத ஜைன பாவ் பாஜியும் உண்டு. உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய் போடுவார்கள். விரத நாளில் வெங்காயம் சேர்க்காத நம் வீட்டுப் பெரியவர்களும் தயங்காமல் சாப்பிடலாம்.

அன்னாசிப்பழ சாண்ட்விச், சாக்லெட் சாண்ட்விச் என்று ரொட்டிக்குள் எதையும் வைத்துச் சீசைத் துருவிப் பனி போலக் கொட்டுவார்கள். குல்பி ஐஸ் உண்டு. குவாலியர் தோசை என்று ஒன்று தருவார்கள். வெண்ணெய், பன்னீர், சீஸ் எல்லாம் அதில் உண்டு. தோசை என்று நினைத்து, சட்னி சாம்பாரை எதிர்பார்த்துச் சாப்பிட்டால் ஏமாற்றம். புதுப் பலகாரம் என்று நினைத்துச் சாப்பிட்டால் ருசிக்கும்.

ஆமதாபாத் தெருக்களில் கீச்சு என்ற பண்டமும் கிடைக்கும். அரிசி மாவை வேகவைத்துக் கிளறி, எண்ணெய் ஊற்றி, மிளகாய்ப் பொடி தூவித் தருவார்கள். வடகம் பிழியக் கிளறிய மாவை அம்மாவுக்குத் தெரியாமல் வழித்துத் தின்றவர்களுக்கு அந்த ருசி உடனே பிடிபடும்.

அசைவப் பிரியர்கள் தீன் தர்வாஜா பக்கத்தில் உள்ள பட்டியார் கல்லிக்குப் போக வேண்டும். ரம்ஜான் மாத இரவுகளில் அங்கே கூட்டம் அலைமோதும். அதுவும் லால் தர்வாஜாவில் இருந்து நடக்கும் தூரம்தான்.

மறுநாள் காலை

பழைய நகரத்தில் தங்கியவர்களுக்கு மறுநாள் ஒரு லாபம் உண்டு. மாநகராட்சி ஏற்பாட்டில் 1997 முதல் காலை நேரத்தில் பாரம்பரிய நடைப்பயணம் நடத்தி வருகிறார்கள். 1822-ல் கட்டிய காலுப்பூர் சுவாமிநாராயணன் கோவிலில் தொடங்கி, போள்களின் வழியாக 1424-ல் கட்டிய ஜும்மா மசூதியில் முடியும். மேற்குக் கரையில் தங்கினால் இதற்காக விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பழைய நகரத்தில் தங்கினால் காபி குடித்துவிட்டு நடந்தே போகலாம்.

நடைப்பயணம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் மாணேக் சவுக். ஒரு நடை உள்ளே போய்ப் பாருங்கள். முந்தின இரவு நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மேஜை இருக்காது. அடுப்பு இருக்காது. அகமது ஷாவின் சமாதியும், அவருடைய ராணிகளின் சமாதியும் பக்கத்திலேயே இருந்தது பகலில்தான் தெரியவரும். ராணிகளின் சமாதியைச் சுற்றிப் பெண்கள் துணிக்கடைகள் இருக்கும். இரவுக் கூட்டத்தில் இவையெல்லாம் கண்ணில் பட்டிருக்காது.

வாடகை எங்கே போகிறது?

2017-ல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் நகரம் இதுவே. பெருமை வந்ததால் மட்டும் மர வீடுகள் நின்றுவிடாது. பிள்ளைகள் மேற்குக் கரைக்குக் குடிபோனதும் வீடு பூட்டப்படுகிறது. கரையான் அரிக்கிறது. பிறகு இடித்துவிட்டுச் சரக்குக் கிடங்கோ கடையோ கட்டுகிறார்கள். வீடுகள் குறையக் குறைய, அந்தத் தெருவில் இரவில் விளக்கு எரியும் ஜன்னல்களும் குறையும். இரவு 1 மணிக்குப் பயமில்லாமல் நடக்க முடிவது அந்த ஜன்னல்களால்தான்.

ஒரு குடும்பம் அங்கே ஓர் இரவு தங்கிக் கொடுக்கும் வாடகை, அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கூரையை மாற்றவோ உத்தரத்தைச் சரிசெய்யவோ உதவக்கூடும். ஆகவே பழைய நகரத்துக்குள் தங்குவது நமக்கு வசதி, அந்த ஊருக்கும் உபகாரம்.

முடிவாக, யாருக்கு எந்த இடம் என்று சொல்லிவிடுவோம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு லால் தர்வாஜா. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் கான்பூர். சிக்கனமாகத் தனியே போகிறவர்களுக்குக் காலுப்பூர். பழைய வீடு பார்க்க ஆசையும், படி ஏறத் தெம்பும் இருப்பவர்களுக்குப் போள். துணி வாங்குவதே முக்கியம் என்றால் சி.ஜி. ரோடு. எங்கே தங்கினாலும் கதவு பூட்டும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். மாலைச் சிற்றுண்டியை மட்டும் விட்டுவிடுங்கள். மாணேக் சவுக்குக்குப் பசியோடு போவதே மரியாதை.